உஷ் சார் வாங்கிய லாரி

எங்கள் நூலகருக்கு உஷ் சார் என்று பெயர் வைத்தவர்கள் வாசகர்களான நாங்கள்தான். அந்தப் பெயரில் ஒரு பிழை உண்டு. 'உஷ்' என்ற சத்தம்கூட அவர் வாயிலிருந்து வந்ததில்லை. யாராவது கொஞ்சம் உரக்கப் பேசினால் எழுந்து வருவார், பக்கத்தில் நிற்பார், ஆள்காட்டி விரலை உதட்டில் வைப்பார். அவ்வளவுதான். ஒருமுறை ஒருவர் செய்தித்தாளைப் படபடவென்று புரட்டியபோது, அதை அவர் கையிலிருந்து வாங்கி, சத்தமே வராமல் எப்படி மடிப்பது என்று செய்து காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அவர் மனைவிக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை வேலை. அங்கே வருகிறவர்கள் கன்னம் வீங்கி வருவார்கள். வாய் திறக்க மாட்டார்கள். அவர்களிடம் பேசிப் பேசி அந்த அம்மாவுக்கும் குரல் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. "இன்னும் ரெண்டு பேர்தான், உக்காருங்க" என்று சொல்வதை, உட்கார்ந்த பிறகுதான் நாம் புரிந்துகொள்வோம். இப்படி இரண்டு பேர் ஒரு வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும்? கல்யாணமாகி வெளியூரில் இருக்கும் அவர்கள் மகள் போன் செய்தால், பேச்சுக்கு நடுவில் "அப்பா, லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள்.

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்தால் டம்ளரை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தி வைப்பார். உஷ் சார் அதைக் கவனித்ததாகத் தகவல் இல்லை. அவர்கள் வீட்டு விஷயமெல்லாம் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். ஊருக்கே தெரியும். எப்படித் தெரிந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

நூலகத்தின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை உண்டு. அதற்குள் ஒரு பழைய லாரி நின்றது. ஒரு காலத்தில் அது நடமாடும் நூலகம். மர உடம்பு, பக்கவாட்டில் மேலே தூக்கித் திறக்கும் பலகைகள், உள்ளே புத்தக அடுக்குகள், கூரை மேல் குழாய் ஸ்பீக்கர். வண்டி ஓடாமல் நின்று பல வருடமாகிவிட்டது. உடைந்த நாற்காலிகளை அதற்குள் போட்டு வைத்திருந்தார்கள். ஒருநாள் கொட்டகையை இடிக்க உத்தரவு வந்தது. லாரியை இரும்புக் கடைக்கு எடைக்குப் போடச் சொன்னார்கள். இரும்புக் கடைக்காரர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, எங்கிருந்து வெட்ட ஆரம்பிக்கலாம் என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

உஷ் சார் ஜன்னல் வழியே அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு இடைவேளையில் போய்த் தன் கைக்குட்டையால் அதை அழித்தார். மறுநாள் வண்டியைத் தானே வாங்கிக்கொண்டார். ஏன் வாங்கினீர்கள் என்று அப்போது நான் கேட்டேன். "தெரியல" என்றார். அதையும் இரண்டாம் தடவை கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மனைவியிடம் அன்று சாயங்காலம் சொல்லியிருக்கிறார்.

"ஒரு லாரி வாங்கியிருக்கேன்."

அந்த அம்மாவுக்கு 'லாரி' என்பது 'லேஸ்' என்று காதில் விழுந்தது. ஷூவுக்கு லேஸ் வாங்கியிருக்கிறார் போல என்று நினைத்து, "நல்லது" என்றார். மூன்றாம் நாள் கிரேன் ஒன்று லாரியைத் தூக்கிக்கொண்டு வந்து வீட்டு வாசலில் இறக்கியபோதுதான் விஷயம் புரிந்தது.

வண்டியை ஓட வைத்தவர் மெக்கானிக் கிரீஸ் அண்ணன். அவர் நெற்றியில் எந்நேரமும் ஒரு கிரீஸ் தீற்றல் இருக்கும். அதனால் அந்தப் பெயர். என்ஜினைத் திறந்து பார்த்துவிட்டு, "சார், உள்ள எலி குடும்பமா இருக்கு, மத்தபடி ஆள் நல்லா இருக்காரு" என்றார். வண்டி அவருக்கு 'ஆள்'. ஒன்றரை வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து வேலை பார்த்தார். கிடைக்காத சாமான்களைத் தானே லேத்தில் கடைந்து போட்டார். உஷ் சார் பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தார்.

அதற்கிடையில் உஷ் சார் கனரக வண்டி லைசென்ஸுக்காக ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தார். அங்கே பயிற்சி கொடுப்பவர் தொண்டையாலேயே வண்டி ஓட்டுகிற ஆள். "கிளச்சு, கிளச்சு, யோவ் கிளச்சு" என்று அவர் கத்துகிற கத்தலில் ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் கால் மாற்றுவார்கள். உஷ் சார் இறங்கியதும் அவரிடம் போய் விரலை உதட்டில் வைத்துப் பார்த்தார். பலனில்லை. முதல் தேர்வில் தோற்று, இரண்டாவதில் தேறினார்.

முதல் முறை லாரியை வெளியே எடுத்த ஞாயிற்றுக்கிழமை, அந்த அம்மாவும் ஏறிக்கொண்டார். ஆசையில் அல்ல. "தனியா போய் எங்கயாவது மோதிட்டா, எந்த ஆஸ்பத்திரின்னு எனக்கு யார் சொல்வா" என்பதுதான் காரணம்.

அந்த வண்டியில் ஏறியவர்களுக்குத்தான் அதன் சத்தம் தெரியும். என்ஜின் முன்னால் இல்லை. ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவே, ஒரு தகர மூடிக்குக் கீழே இருக்கிறது. மாவு மில்லுக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கிரீஸ் அண்ணன் முன்பக்கம் ஸ்டார்ட்டிங் கம்பியைப் போட்டுச் சுற்றினார். வண்டி ஒரு தும்மல் போட்டு, இருமி, பிறகு முழுக் குரலில் ஆரம்பித்தது. தெருவில் காயப் போட்டிருந்த துணிகளிலிருந்து கிளிப்புகள் விழுந்தன.

முனை திரும்பியதும் அந்த அம்மா ஏதோ சொன்னார்.

"என்ன?" என்றார் உஷ் சார்.

அந்த அம்மா மறுபடி சொன்னார்.

"கேக்கல!"

அந்த 'கேக்கல'தான் உஷ் சார் வாழ்க்கையில் முதன்முதலாகப் போட்ட சத்தம். அவரே பயந்துபோனார். அந்த அம்மா ஒரு நிமிடம் அவரைப் பார்த்தார். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு, "கேஸ் அடுப்பை அணைச்சீங்களான்னு கேட்டேன்!" என்று கத்தினார்.

"அணைச்சிட்டேன்!"

"பின்வாசல்?"

"பூட்டிட்டேன்!"

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. பேசினால் கேட்கிறது, கேட்டால் பதில் வருகிறது என்பது அவர்களுக்கு ஏதோ புது விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி இருந்தது. கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் பால்காரர், மின்சாரக் கட்டணம், மகளின் பல்வலி என்று எல்லாம் பேசி முடித்தார்கள். பெரிய நாற்சந்தியில் சிவப்பு விழுந்தது. உஷ் சார் பிரேக்கை மிதித்தார், கிளச்சை மறந்தார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. அந்த அம்மா அப்போது ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தார். அணைந்த வண்டியின் பூரண அமைதியில் அந்த வாக்கியம் நான்கு தெருவுக்கும் போய்ச் சேர்ந்தது.

"அந்த மூலத்துக்கு டாக்டர்கிட்ட போனீங்களா, இல்லையா?"

நாற்சந்தி முழுக்க உஷ் சாரைப் பார்த்தது. பக்கத்தில் ஸ்கூட்டரில் இருந்தவர், "சார், தண்ணி நிறைய குடிங்க" என்றார். போக்குவரத்துக் காவலர் நிதானமாக நடந்து வந்து ஜன்னலில் கையை வைத்தார். "எங்க மாமாவுக்கும் இருந்துச்சு. ஆபரேஷன் வரைக்கும் விட்டுட்டாரு. நீங்க விடாதீங்க" என்று சொல்லிவிட்டு, வண்டியை ஓரமாகத் தள்ள நான்கு பேரைக் கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அழுகிறாரோ என்று உஷ் சார் காதை வைத்துக் கேட்டார். உள்ளே அந்த அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். மறுநாளே உஷ் சார் டாக்டரைப் போய்ப் பார்த்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு கூப்பிடுவதற்கு முன்பே அந்த அம்மா வண்டியில் உட்கார்ந்திருந்தார். அப்படியே வாடிக்கையானது. வீட்டில் பழைய மாதிரி அமைதி; லாரியில் ஏறினால் பேச்சு. இடையில் வாரநாட்களில்கூட, "வாங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். கொஞ்சம் பேசணும்" என்று சாவியை எடுத்துக் கொடுப்பார்.

கூடத்துச் சுவரின் வெளிர்பச்சை அந்த அம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உஷ் சாருக்குத் தெரிந்தது. இத்தனைக்கும் அவருக்கும் பிடிக்காது. அவளுக்குப் பிடிக்குமே என்று மூன்று தடவை அதே நிறத்தை அடித்திருந்தார். பஞ்சுத் தலையணையில் தனக்குக் கழுத்து வலிக்கிறது என்பதை அவர் சொன்னார். "உங்க அக்கா வந்தாலே நான் ஏன் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போறேன்னு நினைக்கிறீங்க?" என்று அந்த அம்மா கேட்டார். "மழை பெய்யும்போதும் போவியே, அப்பவே கொஞ்சம் யோசிச்சேன்!" என்று அவர் கத்தினார். ஸ்கூட்டரில் போகிறவர்கள் இவர்கள் பேச்சைக் கேட்பதற்காகவே வேகத்தைக் குறைத்து வண்டியோடு வருவார்கள். லாரியின் உச்ச வேகத்துக்கு இறங்கி வருவது ஸ்கூட்டருக்கே சிரமம்தான்.

இதனால் நூலகத்திலும் ஒரு விபத்து நடந்தது. முந்தின நாள் முழுக்க லாரியில் சுற்றிவிட்டு ஒரு திங்கட்கிழமை வேலைக்கு வந்திருந்தார். காதுக்குள் இன்னும் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவர் பக்கத்தில் போய், "வார இதழ் வந்துச்சா சார்?" என்றார்.

"வரல!"

மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து தன் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த நேரத்தில்தான் பழைய வண்டிக்காரர்கள் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. வருடத்துக்கு ஒருமுறை எல்லாரும் தங்கள் பழைய கார்களை எடுத்துக்கொண்டு, மலைப்பாதை ஏறி, மேலே ஏரிக்கரையில் கூடுவார்கள். சங்கத் தலைவர் டைல்ஸ் கடை முதலாளி. வெள்ளி நிறத்தில் நீளமாக ஒரு கார் வைத்திருந்தார். அதற்குப் பொருத்தமாகத் தலையில் ஒரு வெள்ளி நிறத் தொப்பி. லாரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சார், நீங்க மெதுவா வருவீங்க. அதனால முன்னாடியே கிளம்பிடுங்க, நாங்க வந்து பிடிச்சுக்கிறோம்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எங்கே வந்து பிடிப்போம் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டார்.

கிளம்புவதற்கு முந்தின நாள் கிரீஸ் அண்ணன் ஒரு வேலை செய்தார். கூரை மேல் இருந்த குழாய் ஸ்பீக்கருக்குப் புது ஆம்ப்ளிஃபயர் ஒன்றை மாட்டி, டாஷ்போர்டில் ஒரு மைக்கைக் கொக்கி போட்டுத் தொங்கவிட்டார். "ஏரிக்கரைக்குள்ள நுழையும்போது எல்லாருக்கும் ஒரு வணக்கம் சொல்லுங்க சார், கெத்தா இருக்கும். வைப்பருக்குப் பக்கத்து ஸ்விட்ச்" என்றார். உஷ் சார் மைக்கில் பேசுகிறவரா? தலையை ஆட்டிவிட்டு மறந்துபோனார்.

மலையில் பாதி ஏறியிருந்தபோது சங்கத்துக் கார்கள் பின்னால் வந்து சேர்ந்தன. ஒருபக்கம் பாறை, ஒருபக்கம் பள்ளம். முந்த இடமே இல்லை. லாரி மனிதர் நடக்கிற வேகத்தில் முனகிக்கொண்டு ஏறியது. அதற்குப் பின்னால் வெள்ளிக் கார், அதற்குப் பின்னால் சிவப்பு, பச்சை, கூரையில்லாதது என்று வரிசை நீண்டது. அப்போது தூறல் விழுந்தது. உஷ் சார் வைப்பரைப் போட ஸ்விட்சைத் தட்டினார். வைப்பர் அசையவில்லை. இன்னொன்றைத் தட்டினார், அசைந்தது. முதலில் தட்டியதை அப்படியே விட்டுவிட்டார்.

என்ஜின் பக்கத்தில் இருந்த அந்த இருவருக்கு மட்டும்தான் ஸ்பீக்கர் சத்தம் கேட்கவில்லை. மலை முழுக்கக் கேட்டது.

"அந்த டைல்ஸ்காரர் தொப்பியைப் பாத்தீங்களா?" என்றார் அந்த அம்மா. "கூஜா மூடி மாதிரி!"

பின்னாலிருந்து ஒரு ஹாரன் அடித்தது. உஷ் சார் ஜன்னல் வழியே கையை நீட்டி, பொறு பொறு என்று காட்டினார்.

"அப்படிச் சொல்லாதே! நல்ல மனுஷன்!"

"மனுஷன் நல்லவர்தான், நான் மூடியைச் சொல்றேன்! நீங்க ரெண்டாவது கியருக்கு வாங்க, வண்டி திணறுது!"

"உனக்கெப்படித் தெரியும்?"

"காது இருக்கே! எத்தனை ஞாயித்துக்கிழமை இதுக்குள்ள உக்காந்திருக்கேன்!"

"ஓட்டிப் பாத்தாத்தான் தெரியும், அதோட கஷ்டம்!"

"குடுத்தாத்தானே ஓட்டிப் பாக்க முடியும்!"

"என்ன?"

"நானும் ஓட்டணும்னு சொல்றேன்!"

பின்னால் இப்போது பல ஹாரன்கள் சேர்ந்து அடித்தன. முந்த அவசரப்படுகிறார்கள் என்று நினைத்து உஷ் சார் மறுபடி கையைக் காட்டினார். பிறகு திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாவின் முகம் உண்மையிலேயே வாடிப்போயிருந்தது.

"இதை நீ எப்பவாவது கேட்டிருக்கியா?"

"கேட்டேன்! கல்யாணமான புதுசுல உங்க தம்பி ஸ்கூட்டர் வாங்கினப்ப கேட்டேன்! நீங்க டிரைவிங் கிளாஸுக்குச் சேரும்போது, என்னையும் சேத்து விடுங்கன்னு கேட்டேன்! போன மாசம்கூடக் கேட்டேன்!"

"எனக்குக் கேக்கலியே!"

"அதுக்குத்தான் இப்ப கத்துறேன்!"

இரண்டு வளைவு தாண்டியதும் உஷ் சார் இரண்டாவது கியருக்கு வந்தார். வண்டி திணறுவதை நிறுத்தியது. பிறகு சொன்னார்:

"மேல போனதும் நீ ஓட்டு!"

அப்போது எழுந்த ஹாரன் சத்தத்தில் பாறையிலிருந்த பறவைகளெல்லாம் கிளம்பிப் போய்விட்டன. "எதுக்குத்தான் இப்படி அடிக்கிறாங்களோ, பொறுமையே கிடையாது" என்று அந்த அம்மா சொன்னதும் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டது.

ஏரிக்கரை மைதானத்தில் லாரி நின்றதும், எல்லாக் கார்களிலிருந்தும் ஆட்கள் இறங்கி அவர்களை நோக்கி வந்தார்கள். டைல்ஸ்காரர் முன்னால் வந்தார். தொப்பி கையில் இருந்தது. மழைத்துளி வழுக்கைத் தலையில் உருண்டது.

"மேடம், மைக்கை அணைச்சிடலாமே" என்றார்.

அந்த அம்மா மைக்கைப் பார்த்தார். அதில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கணவரைப் பார்த்தார். உஷ் சார் ஸ்விட்சை அணைத்துவிட்டுக் கதவின் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். இந்தப் பக்கம் அந்த அம்மாவும் ஏற்றிக்கொண்டார். இருவரும் இறங்க மாட்டோம் என்று உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் நகரவில்லை. கடைசியில் டைல்ஸ்காரரின் மனைவி கண்ணாடியைத் தட்டினார்.

"இறங்கி வாங்க அக்கா. அந்தத் தொப்பியை அவர் வாங்கின நாள்லேர்ந்து கழட்டுங்கன்னு நான் சொல்றேன். உங்க ஒரு வார்த்தைக்குத்தான் கழட்டினாரு."

அந்த அம்மா இறங்கினார். பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு டீ கொடுத்தார்கள். மைதானத்தின் இன்னொரு பக்கம் ஆண்கள் உஷ் சாரை ஓரங்கட்டினார்கள். "என்ன சார், மைக்குல வாக்குக் குடுத்துட்டீங்க? இப்ப எங்க வீட்லயும் சாவி கேக்குறாங்க" என்று பச்சைக் கார்க்காரர் வருத்தப்பட்டார். உஷ் சார் ஏதோ பதில் சொன்னார். அது யாருக்கும் கேட்கவில்லை.

பரிசு எதுவும் லாரிக்குக் கிடைக்கவில்லை. எல்லாரையும் தாமதப்படுத்தியதற்காகப் போட்டியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். ஆனால் பரிசளிப்பு முடிந்தும் யாரும் கிளம்பாமல் நின்றார்கள், அந்த அம்மா ஓட்டுவதைப் பார்க்க. ஆள் நடமாட்டமில்லாத மைதானத்தின் கோடிக்கு லாரியைக் கொண்டுபோய் நிறுத்தி, உஷ் சார் இந்தப் பக்கம் இறங்கி அந்தப் பக்கம் ஏறினார். அந்த அம்மாவின் கால் கிளச்சுக்கு எட்டவில்லை. வெள்ளிக் காரிலிருந்து ஒரு மெத்தை வந்து முதுகுக்குப் பின்னால் போனது. முதல் தடவை வண்டி துள்ளி அணைந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை மெல்ல நகர்ந்து, மைதானத்தை ஒரு வட்டம் போட்டது. கைதட்டல் வண்டிக்குள் கேட்டிருக்காது. அந்த அம்மா யாரையும் பார்க்கவுமில்லை. ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி, நேரே பார்த்து ஓட்டினார்.

திங்கட்கிழமையே ஓட்டுநர் பள்ளியில் சேர்ந்தார். அதே பயிற்சிக்காரர், "கிளச்சு, கிளச்சு" என்று ஆரம்பித்தார்.

"மிதிச்சிட்டுத்தான் இருக்கேன்! குனிஞ்சு பாருங்க!" என்று அந்த அம்மா லாரிக் குரலில் திருப்பிக் கத்தினார்.

பயிற்சிக்காரரிடம் இதுவரை யாரும் திருப்பிக் கத்தியதில்லை. குனிந்து பார்த்தார். மிதித்துத்தான் இருந்தது. அன்றிலிருந்து அந்த அம்மாவுக்கு மட்டும் கைஜாடையில் சொல்லிக் கொடுத்தார். தேர்வில் அந்த அம்மா முதல் தடவையிலேயே தேறினார். இந்தச் செய்தியை உஷ் சார் நூலகத்தில் ஒவ்வொரு மேஜையாகப் போய், ஒவ்வொருவர் காதிலும் சொன்னார். நாங்கள் கை குலுக்கினோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டுவது அந்த அம்மாதான். முதல் சில வாரம் உஷ் சார் பக்கத்தில் உட்கார்ந்து, இல்லாத பிரேக்கைக் காலால் மிதித்துக்கொண்டே வந்தார். பஸ் எதிரே வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். போகப் போகக் கண்ணைத் திறந்து வைக்கப் பழகினார். பிறகு வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். இந்த ஊரில் இவ்வளவு மரம் இருப்பது தெரியாது என்றார். அந்த மரம், இந்தக் கட்டடம் என்று அவர் கத்திச் சொல்லிக்கொண்டே வர, "முன்னாடி மாடு நிக்குது, அப்புறம் பேசுங்க" என்று அந்த அம்மா அடக்குவார்.

போன வாரம் அவர்களோடு நானும் போனேன், பின்னால் புத்தக அடுக்குக்குக் கீழே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு. திரும்பி வரும்போது உஷ் சார் அந்தச் சத்தத்திலேயே தூங்கிவிட்டார். தலை ஜன்னல் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குத் திரும்புகிற முனை வந்தது. அந்த அம்மா வேகத்தைக் குறைத்தார், ஒரு தடவை அவரைத் திரும்பிப் பார்த்தார், கியரை மாற்றினார், முனையை விட்டுவிட்டு நேரே போனார். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்காது.